தோற்க வேண்டிய பரீட்சை

"மார்ச் 11, செவ்வாய். நான்காம் பாத்தி 24 டிகிரி. தெற்குக் காற்று, ஒன்பது மணிக்கு மேல் பலம். பம்ப்செட் பெல்ட் மாற்றியது. மச்சான்: வலக்கண், முகத்துக்கு முன்னால் கையாட்டினால் தெரியவில்லை. டார்ச் அடித்தால் எந்தப் பக்கம் என்று சொல்கிறார். இடக்கண், அதே."

என் உப்பளக் குறிப்பேட்டில் இருக்கும் ஒரு நாள் பதிவு இது. மரக்காணம் உப்பளத்தில் தண்ணீரின் அடர்த்தி பார்ப்பது என் வேலை. கண்ணாடிக் குழல் ஒன்றை உப்புநீரில் மிதக்கவிட்டு, அது காட்டும் எண்ணை, டிகிரி என்போம், எழுதிக்கொள்ள வேண்டும். அதை வைத்துத்தான் எந்தப் பாத்திக்குத் தண்ணீர் திருப்புவது, எதில் உப்பு வாருவது என்று முடிவாகும். எண்ணோடு தேதி, தேதியோடு கிழமை, கிழமையோடு அன்றைய காற்று என்று எழுதி எழுதி, மற்ற விஷயங்களும் அதற்குள் புகுந்துவிட்டன. அவற்றில் ஒன்று மச்சானின் கண். அவர் என் மனைவியின் அண்ணன். இதே உப்பளத்தில் உப்பு வாருகிறவர்.

விழித்திரையில் ஒளியை வாங்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே போகும் பிறவி நோய் அவருக்கு. சின்ன வயதில் பொழுது சாய்ந்தால் தடுமாறுவார். மாலைக்கண் என்று மீன் ஈரலை வேகவைத்துக் கொடுத்துப் பார்த்தார்களாம். பிறகு பக்கவாட்டில் இருப்பவை மறைந்தன. நேரே இருப்பது மட்டும் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் தெரிந்தது. அப்புறம் குழாயும் சுருங்கியது. என் பழைய குறிப்பேடுகளைப் புரட்டினால் எல்லாம் தேதியோடு இருக்கிறது. பஸ் போர்டு படிக்க முடியாமல் போனது, சில்வர் தட்டில் சோறு எங்கே முடிகிறது என்று தெரியாமல் போனது, தங்கச்சி முகம் போனது. கடைசியாகச் சொன்னதை எழுதியபோது அன்றைய டிகிரியை எழுத மறந்திருக்கிறேன்.

உப்பளத்தில் இது யாருக்கும் தெரியாது. எப்படித் தெரியாமல் இருக்கும் என்று கேட்பார்கள். அவர் காலால் நடந்தார், அதுதான் பதில். எல்லோரும் காலால்தான் நடக்கிறோம், ஆனால் கண் சொன்ன இடத்தில் காலை வைக்கிறோம். அவருக்குக் கால் சொன்ன பிறகுதான் மற்றதெல்லாம். வரப்பின் நடு மேடு காய்ந்து கெட்டியாக இருக்கும், ஓரம் சில்லென்று அமுங்கும். பாத்தி மாறினால் மண்ணின் பொருபொருப்பு மாறும். உப்புப் பலகையை இழுக்கும்போது வரும் சத்தத்திலேயே எவ்வளவு உப்பு திரண்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ரப்பர் பூட்ஸ் கொடுத்தால், கால் வேகுது என்று ஒதுக்கிவிடுவார். எதிரே வருகிறவர்களைப் பார்த்துத் தலையாட்டாததால் அவருக்குக் கர்வி என்று பெயர். அந்தப் பெயர் அவருக்கு வசதியாக இருந்தது.

போன மழைக்கு அப்புறம்தான் சிக்கல் வந்தது. மழையில் ஒரு வரப்பு நடுவில் அறுத்துக்கொண்டு போயிருந்தது. வழக்கமாகப் போகிறவர் வாய்க்காலில் போய் விழுந்தார். தோள்பட்டை பிசகியது. உப்பள முதலாளி பார்க்க வந்து நல்ல விதமாகத்தான் விசாரித்தார், ஆனால் போகும்போது என்னிடம், இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலைக்கு வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். மச்சான் வேறு வேலை தெரியாதவர். வீட்டில் உட்கார்ந்தால் உடைந்துபோவார் என்பது என் மனைவிக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

மரபணு சிகிச்சை என்ற பேச்சு எங்களுக்குப் புதிதில்லை. முன்பு ஒரு முறை ரத்தம் கொடுத்துப் பார்த்தோம். இந்த நோய் வருவதற்கு எத்தனையோ மரபணுக்கள் காரணமாக இருக்கலாம், அதில் ஒன்றே ஒன்றுக்குத்தான் ஊசி இருக்கிறது, இவருடையது அது இல்லை என்று அறிக்கை வந்தது. அந்தத் தாளை நான் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தேன்.

அதனால்தான் மார்ச் மாதம் நூலகத்தில் ஒரு புதுக் கண் சிகிச்சையைப் பற்றிய கட்டுரையைப் படித்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். நூலகர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து படித்தேன். எந்த மரபணு கெட்டது என்பது இந்தச் சிகிச்சைக்கு முக்கியமே இல்லை. அந்த ஒரு வரிக்காக நாலு தடவை படித்தேன்.

மறுநாள் மதியம் பம்ப்செட் கொட்டகையில் சாப்பாட்டு நேரம். என் மனைவி சோறு கொண்டுவந்திருந்தாள். மூன்று பேரும் உட்கார்ந்த இடத்தில் ஆரம்பித்தேன். ஒளியை வாங்கும் செல்கள்தான் செத்துப்போயின, அவற்றுக்குப் பின்னால் மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்புச் செல்கள் பலருக்கு உயிரோடு இருக்கின்றன என்றேன். தபால்காரர் இருக்கிறார், கடிதம் எழுதத்தான் ஆள் இல்லை. ஒரு வகைப் பச்சைப் பாசி, ஒரே ஒரு செல்லால் ஆனது, வெளிச்சம் இருக்கும் பக்கமாக நீந்திப் போகும். அதனிடம் ஒளிபட்டால் விழித்துக்கொள்ளும் ஒரு புரதம் இருக்கிறது. அந்தப் புரதத்தைச் செய்யத் தெரிந்த மரபணுவை எடுத்து, நோய் உண்டாக்காத வைரஸ் ஒன்றில் ஏற்றி, ஊசியால் கண்ணுக்குள் விடுகிறார்கள். அப்புறம் தபால்காரரே கடிதமும் எழுதக் கற்றுக்கொள்கிறார்.

"பாசியா?" என்றார் மச்சான்.

"பாசிதான்."

"நாம பாத்தியில வழிச்சு வழிச்சுப் போடுறோமே, அதுவா?"

"அது இல்ல மச்சான். அதுக்கு தூரத்துச் சொந்தம்னு வச்சுக்குங்க."

"ஏம்பா மாப்ள, பாத்தியில வுட்டா நாலு நாள்ல மேல படர்ந்துடுது. கண்ணுக்குள்ள படர்ந்துட்டா எத வச்சு வழிக்கிறது?"

"உன் பலகையாலதான் வழிக்கணும்," என்றாள் என் மனைவி. "வாரி வாரிப் பழக்கம்தானே உனக்கு."

பாசியை யாரும் கண்ணுக்குள் விடப்போவதில்லை, அந்தப் புரதம் செய்யும் குறிப்பை மட்டும்தான் எடுக்கிறார்கள் என்று விளக்கினேன். மீதியையும் மறைக்காமல் சொன்னேன். இது இன்னும் சோதனை நிலையில்தான் இருக்கிறது. சாதாரண வெளிச்சம் அந்தப் புரதத்துக்குப் போதாது. அதனால் கேமரா வைத்த ஒரு கண்ணாடியை மாட்டிக்கொள்ள வேண்டும். எதிரில் இருப்பதை அது படம் பிடித்து, ஒரு குறிப்பிட்ட நிறத்து ஒளியாகக் கண்ணுக்குள் பலமாகப் பாய்ச்சும். ஊசி போட்டதும் தெரிந்துவிடாது, மாதக்கணக்கில் பழக வேண்டும். கேமராவுக்கு அகலம் குறைவு, தலையை மெதுவாக இப்படியும் அப்படியும் திருப்பித் தேட வேண்டும். பல வருஷம் பார்வையில்லாமல் இருந்த ஒருவர் அந்தக் கண்ணாடியோடு மேசைமேல் இருந்த பொருளைத் தொட்டுக்காட்டியிருக்கிறார். ரோட்டைக் கடக்கும் இடத்தில் போட்டிருக்கும் வெள்ளைக் கோடுகள் தெரிந்ததாகச் சொல்லியிருக்கிறார்.

என் மனைவி முகம் தெரியுமா என்று கேட்டாள். நான் படித்த வரையில் இல்லை என்றேன்.

மச்சான் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "முகம் வேணாம் மாப்ள. குரல் கேட்டா முகம் வந்துடுது எனக்கு. வரப்பு எங்க அறுந்திருக்குதுன்னு தெரியணும். கோடு தெரியும்னியே, அது போதும்."

மார்ச் 17, திங்கள், சென்னையில் ஒரு கண் மருத்துவமனைக்குக் கடிதம் எழுதினேன். என் குறிப்பேட்டுப் பதிவுகளை வரிசையாக நகலெடுத்து இணைத்தேன். ஏப்ரல் 3, வியாழன், தொலைபேசி வந்தது. பேசிய பெண் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். இந்த ஊசியை அங்கே இப்போது யாருக்கும் போடவில்லை. அனுமதி கிடைத்து இங்கேயும் சோதனை தொடங்கினால் யாரை அழைக்கலாம் என்று ஒரு பட்டியல் மட்டும் தயாரிக்கிறார்கள். அதற்கு நேரில் வந்து பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஏறக்குறைய முழுவதுமாகப் பார்வை போனவர்களுக்கு மட்டும்தான் அந்தப் பட்டியல்.

பட்டியல்தானே என்று நான் நினைக்கவில்லை. கதவு இருக்கிறது என்று தெரிந்துவிட்டதே. அன்று மூன்று பாத்தியின் டிகிரியை மாற்றி மாற்றி எழுதிவிட்டு, மாலையில் உட்கார்ந்து திருத்தினேன்.

ஏப்ரல் 24, வியாழன். விடிந்ததும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறி, மூவரும் பத்து மணிக்குள் மருத்துவமனையில் இருந்தோம். மச்சான் வெள்ளைச் சட்டை, புதுச் செருப்பு. முதலில் எழுத்துப் பலகை. ஒன்றும் தெரியவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். பிறகு விழித்திரையை ஸ்கேன் எடுத்தார்கள். இடக்கண்ணின் நடுவில் ஒரு சின்னத் திட்டு மட்டும் இன்னும் மிச்சமிருப்பதுபோல் இருக்கிறது, அது வேலை செய்கிறதா என்பது படத்தில் தெரியாது, நடக்கவிட்டுப் பார்த்தால் தெரியும் என்றார் பரிசோதனை செய்த இளம்பெண். தொலைபேசியில் பேசியவரும் அவரேதான்.

அடுத்த அறையில் வெள்ளை விரிப்பின்மேல் கறுப்பு நாடாவை ஒட்டி வளைந்து வளைந்து ஒரு பாதை போட்டிருந்தார்கள். பாதையின் ஓரங்களில் ஸ்பாஞ்சுக் கட்டைகள். கடைசியில் ஒரு கதவு. கறுப்புக் கோட்டைவிட்டு விலகாமல் கதவு வரை போக வேண்டும். கூட வந்தவர்கள் வெளியே நிற்க வேண்டும். டாக்டர் அறை என்றால் நம் ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் மச்சானும் செய்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். யாருக்கும் அது ஒரு விஷயமாகத் தோன்றவில்லை. நான் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் நடந்தார். முதல் வளைவில் சற்றே நின்றார், திரும்பினார். இரண்டாவது வளைவு. மூன்றாவது. ஒரு கட்டையிலும் இடிக்கவில்லை. கோட்டைவிட்டு ஓரடி விலகவில்லை. கதவுக்குப் போய்க் கையை வைத்துவிட்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பினார். வெளியே வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"பாஸ்," என்றார் என்னிடம்.

உள்ளே அந்தப் பெண் எதையோ எழுதிக்கொண்டிருந்ததை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

பரிசோதனை செய்த பெண் எங்களை உட்காரவைத்து மரியாதையாகத்தான் சொன்னார். ஐயாவுக்குப் பயன்படும் அளவுக்குப் பார்வை மிச்சமிருக்கிறது. இருக்கும் பார்வையைப் பணயம் வைத்து இந்தச் சோதனைக்கு யாரையும் சேர்க்கக் கூடாது. அப்புறம் கொஞ்சம் தயங்கி, எழுத்துப் பலகையில் ஒன்றுமே தெரியவில்லை என்றவர் இப்படி நடந்தது தமக்குப் புரியவில்லை என்றார். மாற்றுத்திறனாளிச் சலுகைச் சான்றிதழுக்காகச் சிலர் அப்படிச் சொல்வதுண்டு என்பதையும் சொன்னார். என் மனைவி எழுந்துவிட்டாள். நான் அவளை உட்காரச் சொல்லிவிட்டு என் குறிப்பேடுகளை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் பொறுமையாக இரண்டு மூன்று பக்கம் புரட்டினார். வீட்டு ஆட்கள் எழுதிவைத்தது பரிசோதனை ஆகாதுங்க சார் என்றார். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

கேன்டீனில் டீ வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மச்சானுக்கு இன்னும் விஷயம் முழுதாக உறைக்கவில்லை. பரீட்சை என்று ஒன்று வைத்தால் ஜெயிப்பது என்பது அவருக்கு ஊறிப்போன பழக்கம். உப்பளத்தில் ஒவ்வொரு நாளும் அவருக்கு அந்தப் பரீட்சைதான். இதில் தோற்றால்தான் சேர்த்துக்கொள்வார்கள் என்று நான் சொன்னேன்.

"அதுக்காக வேணும்னே இடிச்சுக்கச் சொல்றியா?"

"வேணும்னு இடிக்க வேணாம். எப்படி நடந்தீங்க, அத மட்டும் சொல்லுங்க."

"எப்படின்னா? நாடா கால்ல வழுவழுன்னு இருந்துது. விரிப்பு சொரசொரன்னு இருந்துது. வழுவழு போற பக்கம் போனேன்."

"கட்டை?"

"கட்டை பக்கத்துல வந்தா விரிப்பு கொஞ்சம் தூக்கிக்கிட்டிருந்துது."

"கதவு?"

"ஏசி காத்து கீழால வருதே."

என் மனைவி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "அண்ணா, இத அந்தப் பொண்ணுகிட்ட போய்ச் சொல்லு."

"நீங்க சொல்லுங்க."

"நாங்க சொன்னா நம்ப மாட்டாங்க. நீ சொல்லணும்."

மச்சான் டீயைக் குடிக்கவில்லை. கிளாஸைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தார். கண் தெரியாது என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. மங்கல் என்பார், வெயில் கூசுது என்பார், தூசி என்பார். எனக்குத் தெரியும், தங்கச்சிக்குத் தெரியும், ஆனால் எங்களிடமும் சொன்னதில்லை. நான் டார்ச் அடித்துக் கேட்கும்போது பக்கத்தைச் சொல்வார், அவ்வளவுதான். இத்தனை வருஷம் மறைத்ததைச் சென்னையில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் போய் எப்படிச் சொல்வார் என்று எனக்கே தெரியவில்லை. நேரம் பார்த்தேன், பன்னிரண்டு நாற்பது. ஒரு மணிக்கு அந்தப் பெண் சாப்பிடப் போய்விடுவார்.

மச்சான் எழுந்து செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டார். "எந்தப் பக்கம்?" என்று என்னிடம் கேட்டார். வெளியிடத்தில் அவர் என்னிடம் பக்கம் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் முழங்கையைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டார்.

பரிசோதனை அறையில் அந்தப் பெண் கோப்புகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். மச்சான் வாசலிலேயே நின்று சொன்னார்:

"எனக்குக் கண்ணு தெரியாதும்மா. நான் கால வச்சு நடந்துட்டேன். செருப்போட இன்னொரு தடவ நடக்கவுடுங்க."

அந்தப் பெண் மச்சானின் பாதத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். செருப்பைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டியது தம் வேலை என்றார். சாப்பாட்டுக்குப் போகவில்லை. குனிந்து நாடாவையெல்லாம் உரித்து வேறு மாதிரி ஒட்டினார், கட்டைகளை இடம் மாற்றினார், ஏசியை அணைத்தார். மச்சான் செருப்போடு போய் ஆரம்ப இடத்தில் நின்றார்.

இரண்டாவது அடியில் கோட்டைவிட்டு விலகினார். நின்றார். காலைத் தேய்த்துப் பார்த்தார், செருப்புக்கு ஒன்றும் தெரியவில்லை. நாலாவது அடியில் ஒரு கட்டை சாய்ந்தது. என் மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தாள். ஐந்தாவது அடியில் இன்னொன்று. அவர் கையை முன்னால் நீட்டி, காற்றைத் துழாவிக்கொண்டு, சுவரைப் பார்த்துப் போனார். சொந்தக்காரர் இப்படித் தடுமாறுவதைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சிரித்துக்கொண்டிருந்தோம், சத்தம் வராமல். வழியே போன ஒரு நர்ஸ் எங்களை ஒரு மாதிரி பார்த்தாள். மூன்றாவது கட்டை சாய்ந்தபோது கை தட்டாமல் இருக்க நான் பாடுபட வேண்டியிருந்தது.

மச்சான் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றார். "தோத்துட்டனாம்மா?"

"நல்லா தோத்துட்டீங்க ஐயா," என்றார் அந்தப் பெண்.

அன்றே பட்டியலில் பெயர் ஏறியது. அறிக்கையின் நகல் என்னிடம் இருக்கிறது. முதல் நடையை அடித்துவிட்டு, "வெறுங்காலில் நடந்ததால் கணக்கில் கொள்ளப்படவில்லை" என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறார். நேரம் போட்டதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது. பட்டியலில் இருப்பது அழைப்பு இல்லை, அழைத்தாலும் ஊசி பலிக்கும் என்று உறுதி இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சரி சரி என்றோம். பஸ்ஸில் மூவரும் கோவளம் வரை ஒரே நேரத்தில் பேசினோம்.

மறுநாள் காலை மச்சான் உப்பளத்தில் தாமே சொல்லிவிட்டார், எல்லோரும் கூடியிருந்த இடத்தில். முதலாளி யோசிக்க நேரம் கேட்டார். இரண்டு நாள் கழித்து, தனியாகப் பாத்தியில் இறங்கக் கூடாது, வரப்பில் ஒருவர் முன்னால் போக வேண்டும் என்ற ஏற்பாட்டோடு வேலை தொடரட்டும் என்றார். கர்வி என்று பெயர் வைத்த பெண்கள்தான் முன்னால் போகிறார்கள். வழியெல்லாம் கேலி. ஏனென்றால் மச்சான் இப்போதே பழக ஆரம்பித்துவிட்டார். கேமராக் கண்ணாடி வந்தால் தலையைத் திருப்பித் தேட வேண்டும் என்று நான் சொன்னேன் அல்லவா, அதை வரப்பில் நடக்கும்போதெல்லாம் செய்கிறார். இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மெதுவாக.

"பூம்பூம் மாடு வருது, வழி வுடுங்கடி," என்கிறார்கள்.

"நல்ல காலம் பொறக்குதுன்னு மாடு சொல்லுதில்ல," என்று பதில் சொல்கிறார். முன்பெல்லாம் உப்பளத்தில் அவர் பதில் பேசி நான் கேட்டதில்லை.

இனி இதுவரை தெரிந்ததையும் தெரியாததையும் எழுதிவிடுகிறேன். ஜூன் 11, புதன், காலை பத்தே கால். வெயில் கடுமை. மச்சான் அப்படித் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தவர் ஓர் இடத்தில் நின்றார். அங்கே வெளிச்சம் குறைகிறது என்று கையை நீட்டினார். கை நீட்டிய பக்கம், கீற்று வேய்ந்து மூடிய உப்புக் குவியல் இருந்தது. சுற்றிலும் வெள்ளைப் பாத்தி, நடுவில் அது மட்டும் கறுப்பு. நான் அவரைத் தோளைப் பிடித்துச் சுற்றி நிறுத்தி மூன்று முறை கேட்டேன். இரண்டு முறை சரியாகக் காட்டினார், ஒரு முறை தவறு. காய்ந்த கீற்று வாசனை காற்றில் வந்திருக்கலாம், அதையும் சொன்னேன்.

"இருக்கலாம். எனக்கே தெரியல," என்றார். "ஆனா அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டு இதையும் சொல்லிடு மாப்ள. பட்டியல்லேருந்து பேர எடுத்தாலும் எடுக்கட்டும்."

அன்று மாலையே சொன்னேன். இடக்கண்ணில் மிச்சமிருக்கும் அந்தத் திட்டு ஒருவேளை வேலை செய்யலாம், அடுத்த முறை வரும்போது அதை மட்டும் தனியாகச் சோதிப்போம், அதுவரை பெயர் இருக்கட்டும் என்றார் அந்தப் பெண். அடுத்த முறை எப்போது என்று இன்னும் தேதி தரவில்லை. ஆகவே ஜூன் 11 காலை மச்சான் அந்தக் குவியலைக் கண்ணால் உணர்ந்தாரா, மூக்கால் உணர்ந்தாரா என்பது இதை எழுதும்வரை சரிபார்க்கப்படவில்லை.